காரின் கீழ்க்கையும் நம் பால் மரமும்

இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்டிருப்பது ஓர் இரும்புத் துண்டின் கதை. நம்மில் பலருடைய வீட்டு வாசலில் ஒரு பழைய கார் நிற்கிறது. புரோட்டோன் சாகாவாக இருக்கலாம். ஈஸ்வராவாகவோ கஞ்சிலாகவோ இருக்கலாம். அந்தக் காரின் முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் பின்னால், நம் கண்ணில் படாத இடத்தில், ஒரு கை இருக்கிறது. பட்டறையில் அதனை ‘லோவர் ஆம்’ என்பார்கள். நாம் அதனைக் கீழ்க்கை என்று சொல்வோம். கார் பழையதாகும்போது அந்தக் கையும் தேய்கிறது. மாற்றியாக வேண்டும். கடைக்குப் போனால் விலை உயர்ந்தது ஒன்று, நடுத்தர விலையில் ஒன்று, மிக மலிவாக ஒன்று என்று எடுத்து வைக்கிறார்கள். எதை வாங்குவது? இந்தக் கேள்விக்கு விடை காண, அந்தக் கையின் வரலாற்றை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

இதை நான் ஏன் பேச நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, என்னிடம் படித்த ஒரு மாணவியின் தந்தை தம் குடும்பத்தோடு ஒரு திருமணத்திற்காக நிபோங் திபாலுக்குப் புறப்பட்டார். சுங்கை பாக்காப் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் மண் சாலைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு குழியில் இறங்கி ஏறியபோது ‘டமார்’ என்று ஒரு சத்தம். இடப்பக்கத்து முன் சக்கரம் வெளிப்புறமாக மடங்கிக்கொண்டது. கார் மண்டியிட்ட மாடு போல முன்பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. மெதுவாகப் போனதால் யாருக்கும் காயமில்லை. இன்னும் ஐந்து நிமிடம் தாண்டியிருந்தால், லோரிகள் விரைந்து ஓடும் பெரிய சாலையில் அது நடந்திருக்கும்.

வண்டியைப் பார்க்க வந்த போமன் கீழே குனிந்து பார்த்துவிட்டு, “சார், இது பழைய ஆம் இல்ல. போட்டு மூனு மாசந்தான் இருக்கும். போல் கழண்டு வந்துருச்சு” என்றார். மாணவியின் தந்தை தலையைக் குனிந்துகொண்டார். கடையில் அவருக்கு இரண்டைக் காட்டினார்களாம். இரண்டுக்கும் ஒரே கறுப்புச் சாயம், ஒரே வடிவம். விலைதான் வேறு. அந்த மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை வாங்க வேண்டியிருந்தது. ஆகவே மலிவானதை வாங்கினார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். வேறுபாடு கண்ணுக்குத் தெரியாதபோது, கையிலுள்ள காசைப் பார்த்துத்தானே எவரும் முடிவு செய்வார்கள்? அந்த வேறுபாடு ஏன் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று என்பதே நம்முடைய வரலாறு.

நம் முன்னோர்கள் ஓட்டிய மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அச்சு. இடப்பக்கத்துச் சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் வண்டி முழுவதும் வலப்பக்கம் சாயும். முதன்முதலில் வந்த மோட்டார் கார்களும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தன. முன்பக்கத்தில் ஒரே இரும்பு அச்சு. அதன்மேல் பட்டை வில். ஒரு சக்கரம் பட்ட அடி மறு சக்கரத்தையும் உலுக்கியது. வேகம் கூடக்கூட, ஓட்டுபவரின் கையிலேயே சக்கரம் நடுங்கத் தொடங்கியது.

1930-களில் இதற்கு ஒரு வழி பிறந்தது. ஒவ்வொரு முன் சக்கரத்தையும் தனித்தனியே மேலும் கீழும் ஏறி இறங்க விட்டார்கள். 1933-ஆம் ஆண்டில் வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் 380 என்ற காரில், ஒவ்வொரு முன் சக்கரத்தையும் மேலே ஒரு கையும் கீழே ஒரு கையுமாக இரண்டு கைகள் பிடித்திருந்தன. நடுவே சுருள் வில் இருந்தது. அந்தக் கைகள் மரக்கிளையின் கவை போல, உடல் பக்கம் இரண்டாகப் பிரிந்தும் சக்கரத்தின் பக்கம் ஒன்றாகச் சேர்ந்தும் இருக்கும். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் தன் கார்களில் தனித்தனி முன் சக்கர அமைப்பைக் கொண்டுவந்தது. மனிதனுக்குத் தோள் எப்படியோ அப்படித்தான் காருக்கு இந்தக் கை. தோளில் ஒரு மூட்டு; மணிக்கட்டில் ஒரு மூட்டு. மூட்டு நன்றாக இருக்கும்வரை கை நம் சொல் கேட்கும்.

போருக்குப் பின் நம் மலாயாவின் சாலைகளில் அதிகம் ஓடிய கார்களுள் ஒன்று மோரிஸ் மைனர். சர் அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்து, 1948-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமான கார் அது. பள்ளி ஆசிரியர்களும் கிராணிமார்களும் விரும்பி வாங்கிய கார். அதன் முன் சக்கரத்தைப் பிடித்திருந்த நிமிர்ந்த தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை, கீழ்க்கையோடு சேர்ந்த ஒரு வெண்கல நிற மூட்டுக்குள் சுழலும். சில ஆயிரம் மைல்களுக்கு ஒருமுறை கிரீஸ் துப்பாக்கியால் அதற்குக் கிரீஸ் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் மரை தேயும். ஒரு நாள் தண்டு கழன்று, சக்கரம் மடங்கிப்போகும். மோரிஸ் மைனர் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அஞ்சிய நோய் அது.

ஆக, சக்கரம் மடங்குவது புதிய செய்தி அன்று. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அன்று அந்த மூட்டைக் காக்கும் வேலை காருக்கு உரியவரின் கையில் இருந்தது. கிரீஸ் ஏற்றும் முனை வெளியே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் துணியும் துப்பாக்கியுமாகக் குனிந்தவருக்கு, மூட்டு ஆடுகிறதா இல்லையா என்பதும் தெரிந்தது.

பிறகு இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. இரண்டிலும் ஒருவருக்குப் பங்கு உண்டு. அவர் பெயர் ஏர்ல் மெக்ஃபர்சன். 1891-ஆம் ஆண்டில் பிறந்த அமெரிக்கப் பொறியியலாளர். குறைந்த விலையில் ஒரு சிறு கார் செய்ய முயன்றபோது, மேல் கையே தேவையில்லை என்று அவர் கண்டார். அதிர்வு தாங்கும் அப்சோர்பரையும் சுருள் வில்லையும் ஒரே தூணாக்கி, அந்தத் தூணின் தலையைக் காரின் உடலில் பொருத்தினார். கீழே மட்டும் ஒரு கை போதும். 1947-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை கேட்டார். 1953-இல் அது கிடைத்தது. அதற்குள் அவர் ஃபோர்டு நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். 1950-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காட்சிக்கு வந்த ஃபோர்டு கொன்சல், ஸெஃபயர் கார்களில் இந்த அமைப்பு இருந்தது. பாகங்கள் குறைந்தன, விலை குறைந்தது, இடமும் மிச்சமாயிற்று.

இரண்டாவது மாற்றம், மரை வெட்டிய தண்டுக்குப் பதிலாகப் பந்து மூட்டு வந்தது. பட்டறையில் ‘போல் ஜோயிண்ட்’ என்கிறோமே, அதுதான். ஒரு கிண்ணத்துக்குள் ஓர் இரும்புக் குண்டு. அதிலிருந்து வெளியே நீளும் ஒரு முளை. எப்பக்கமும் திரும்பும். அமெரிக்காவில் 1952-ஆம் ஆண்டு லிங்கன் கார்களின் முன் சக்கரங்களில் இது வந்தது. காலப்போக்கில் கிண்ணத்துக்குள் வழவழப்பான பிளாஸ்டிக் படுக்கை வைத்து, கிரீஸை உள்ளேயே அடைத்து, ரப்பர் உறையால் மூடிவிட்டார்கள். கிரீஸ் முனை மறைந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலையும் மறைந்தது.

நமக்கு வசதிதான். ஆனால் என்ன நடந்துவிட்டது பாருங்கள். முன்பு இரண்டு கைகள் பகிர்ந்துகொண்ட வேலையில் பெரும்பகுதி ஒரே கீழ்க்கைக்கு வந்தது. காரின் எடை தூண் வழியாகவே சக்கரத்துக்கு இறங்குகிறது என்பது உண்மை. ஆனால் சக்கரத்தின் அடிப்பகுதி வெளியே ஓடாமல், பின்னே இழுபடாமல் பிடித்து வைப்பது அந்த ஒரு கைதான். அதன் முனையிலுள்ள ஒரு பந்துதான். அந்தப் பந்தும் மூடிய கிண்ணத்துக்குள் இருக்கிறது. பார்த்து அறியும் வழி குறைந்தது. பொறுப்பு முழுவதும் அதைச் செய்த தொழிற்சாலைக்குப் போய்விட்டது.

1970-களில் நம் நாட்டில் எங்கும் ஓடிய டட்சன் 120ஒய், டொயோட்டா கொரோலா, ஃபோர்டு எஸ்கோர்ட் ஆகிய கார்கள் எல்லாம் இந்த மெக்ஃபர்சன் அமைப்பு கொண்டவையே. பிறகு 1985-ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு ஜூலை 9-ஆம் நாள் புரோட்டோன் சாகா அறிமுகமாயிற்று. ஜப்பானின் மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே என்ற காரை அடிப்படையாகக் கொண்டு ஷா ஆலாமில் செய்யப்பட்ட கார். அதே ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் பினாங்குப் பாலம் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. சாகாவில் முன் சக்கரங்களே காரை இழுக்கின்றன. ஆகவே திருப்புவது, நிறுத்துவது, இழுப்பது என்று மூன்று வேலைகளின் பாரமும் முன் சக்கரத்தின் கீழ்க்கைக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் கார்கள் ஐந்து வருடம், பத்து வருடம் பட்டணத்தில் ஓடிய பிறகு நம்மிடம் வந்தன. பால் மரங்கள் விழுந்து செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடுகளும் தொழிற்சாலைகளும் வந்தன. லயத்தை விட்டுப் பெயர்ந்தவர்கள் பிறைக்கும் பாயான் லெப்பாஸுக்கும் பத்து காவானுக்கும் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. பழைய கார் அவர்களுக்கு ஆடம்பரமாக வரவில்லை. பிழைப்புக்கான கருவியாகவே வந்தது.

கார் பெருகவே உதிரிப்பாகச் சந்தையும் பெருகிற்று. 1988-ஆம் ஆண்டில் புரோட்டோன் நிறுவனம், உள்நாட்டுச் சிறு தொழிற்சாலைகள் தனக்குப் பாகங்கள் செய்து தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இன்று ஒரு கீழ்க்கை நான்கு வழிகளில் கடைக்கு வருகிறது. கார் நிறுவனத்தின் பெயரிட்ட பெட்டியில் வருவது ஒன்று. கார் நிறுவனத்துக்குச் செய்து கொடுக்கும் தொழிற்சாலையே தன் பெயரில் விற்பது இரண்டாவது. அது பெரும்பாலும் அதே தரத்தில், சற்றுக் குறைந்த விலையில் கிடைக்கும். வேறு தொழிற்சாலைகள் அளவெடுத்துச் செய்வது மூன்றாவது. ஜப்பானின் ‘555’ போலப் பல்லாண்டுகளாகப் பெயரைக் காத்துவரும் தயாரிப்புகளும் இவ்வகையில் உண்டு. பெயரே இல்லாதவையும் உண்டு. தங்கமும் தகரமும் கலந்து கிடப்பது இங்கேதான். பழைய கார்களை வெட்டி விற்கும் கடையில் கிடைப்பது நான்காவது. அதில் இரும்பு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அதன் மூட்டுகளுக்கும் உங்கள் காரின் வயதுதான் என்பதை மறவாதீர்கள்.

இனி, கையின் மறுமுனைக்கு வருவோம். சக்கரத்தின் பக்கம் பந்து என்றால், காரின் உடல் பக்கம் ‘புஷ்’. ஓர் இரும்புக் குழாய்க்குள் இன்னொரு சிறு குழாய். இரண்டுக்கும் நடுவே ரப்பர். இங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

1839-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் உறுதிப்படுகிறது என்று கண்டறிந்தார். 1877-ஆம் ஆண்டில் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கரும்பு விளைந்த இந்தச் செபராங் பிறை மண்ணிலும் ரப்பர் பரவிற்று. விடியுமுன் எழுந்து கோடு போட்ட கைகளின் பால்தான் உலகெங்கும் சக்கரங்களாயிற்று. டயர் என்றால் எல்லாருக்கும் தெரியும். புஷ்ஷும் ரப்பர்தான் என்பது பலருக்குத் தெரியாது.

புஷ்ஷுக்குள் இருக்கும் ரப்பர் உராய்ந்து சுழல்வதில்லை. இருபுறமும் இரும்போடு ஒட்டிக்கொண்டு, கை ஏறி இறங்கும்போது முறுக்கிக்கொடுத்து மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆகவேதான் அதற்குக் கிரீஸ் வேண்டுவதில்லை. இலட்சக்கணக்கான தடவை முறுக்கினாலும் எளிதில் கிழியாத குணம் இயற்கை ரப்பருக்கு உண்டு. அதற்குப் பகைவர்களும் உண்டு. இஞ்சினிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் ஊதி இளகும். வெப்பத்தாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் வெடிப்பு விடும். மலிவான தயாரிப்பில் ரப்பரைக் குறைத்து மற்றப் பொருள்களைக் கூட்டிவிட்டால், பார்வைக்குக் கறுப்பாகவே இருக்கும். சில மாதங்களில் இரும்பை விட்டுப் பிரிந்துவிடும். சிலர் ‘போலியூரித்தேன்’ என்ற கடினமான புஷ் போடுகிறார்கள். அது நெடுநாள் உழைக்கலாம். ஆனால் குழியின் அடியையெல்லாம் காரின் உடலுக்கு அனுப்பிவிடும். குடும்பக் காருக்கு நல்ல ரப்பரே போதும்.

நேயர்களே, இவ்வளவு வரலாறும் எதற்கு? வாங்கும்போது எங்கே பார்க்க வேண்டும் என்பதை அது நமக்குச் சொல்கிறது. சாயத்தையும் இரும்பையும் பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. பந்தையும் ரப்பரையும் பார்க்க வேண்டும்.

முதலில், சத்தம் வருகிறது என்றவுடன் கீழ்க்கையை வாங்கிவிடாதீர்கள். அப்சோர்பரின் தலைப்பகுதியும், சாய்வைத் தடுக்கும் கம்பியின் இணைப்பும் அதே மாதிரிச் சத்தம் போடும். சக்கரத்தைத் தூக்கி, நெம்புகோல் கொடுத்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் அருகில் நின்று பாருங்கள்.

இரண்டாவதாக, பழைய கையைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள். புதியதைப் பக்கத்தில் வைத்து நீளம், துளை, வளைவு ஆகியவற்றை ஒப்பிடுங்கள். ஒரே பெயருள்ள காரிலும் ஆண்டுக்கு ஆண்டு மாற்றம் இருக்கும்.

மூன்றாவதாக, பந்தின் முளையைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஒரே சீரான இறுக்கத்தோடு திரும்ப வேண்டும். தொளதொளவென்று ஆடினாலும், மணல் கலந்தது போல நறநறத்தாலும் வேண்டாம். அதன் ரப்பர் உறையில் கீறல் இருக்கக் கூடாது. நீரும் மண்ணும் புகுந்தால் நல்ல பந்தும் கெட்டுவிடும். புஷ்ஷை நகத்தால் அழுத்திப் பாருங்கள். விளிம்பில் வெடிப்போ பிரிவோ இருக்கிறதா என்று பாருங்கள். நெடுங்காலம் கடையில் கிடந்த ரப்பரும் முதுமை அடைந்ததே.

நான்காவதாக, செய்தவர் பெயரும் பாக எண்ணும் அந்த இரும்பிலேயே பதிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெட்டியை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ரசீதும், இத்தனை மாதம் பொறுப்பு என்ற எழுத்தும் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

ஐந்தாவது, பலர் அறியாத செய்தி. புஷ்ஷின் நட்டைக் கடைசியாக முறுக்கும்போது கார் தன் எடையோடு சக்கரத்தின்மேல் நிற்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழிந்துபோகும். விலை உயர்ந்த பாகமும் இப்படி வீணானது உண்டு. வேலை முடிந்தபின் சக்கர அலைன்மென்ட் பார்க்க வேண்டும். இல்லையேல் டயர் ஒருபக்கமாகத் தேயும்.

பணம் குறைவாக இருந்தால் என்ன செய்வது? சில கார்களில் பந்தையோ புஷ்ஷையோ மட்டும் தனியே மாற்ற இயலும். பழைய கை வளையாமலும் துருப்பிடிக்காமலும் இருந்தால், பெயர் தெரியாத முழுக் கையை வாங்குவதைவிட, அந்தக் கையிலேயே நல்ல பந்தும் நல்ல புஷ்ஷும் ஏற்றுவது மேல். அதுவும் முடியாவிட்டால், ஒரு மாதம் பொறுத்து நல்லதை வாங்குங்கள். அதுவரை பழுதான காரில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

என் பாட்டி ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். குமிழி, அழுக்கு, கறை எல்லாம் அதில் தெரிந்துவிடும். ஷீட்டின் தரத்தை அப்படிக் கண்ணால் பார்த்தே பிரித்து வந்தார்கள். 1965-ஆம் ஆண்டில் மலேசியா எஸ்.எம்.ஆர். என்ற முறையைக் கொண்டுவந்தது. சோதனைக் கூடத்தில் அளந்து, தரத்தைக் குறித்து விற்கும் முறை அது. கண் மட்டும் போதாது, அளவும் பொறுப்பேற்கும் பெயரும் வேண்டும் என்று ரப்பர் விற்ற நாம் அன்றே உலகுக்குச் சொன்னோம். அதே ரப்பர் புஷ்ஷாகி நம்மிடம் திரும்பி வரும்போது, பெயரும் பொறுப்பும் இல்லாமல் வாங்கலாமா?

2014-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள், நம் பத்து காவானிலிருந்து பினாங்குத் தீவுக்கு இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 17 கிலோமீட்டர் கடல்மேல் செல்லும் அந்தப் பாலத்தின் தளத்துக்கும் தூண்களுக்கும் இடையே, நிலநடுக்கத்தின் அதிர்வைத் தாங்குவதற்காக, இயற்கை ரப்பரும் இரும்புத் தகடுகளும் சேர்த்து ஒட்டிய மெத்தைகளை வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய பாலமும் ரப்பரை நம்பி நிற்கிறது. உங்கள் காரின் கீழ்க்கையும் அப்படித்தான் நிற்கிறது. அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது, விலையைக் கேட்பதற்கு முன் பந்தையும் ரப்பரையும் கையில் எடுத்துப் பாருங்கள்.